இரண்டு விருந்தாளிகள், ஒரு கூடம்: கண்காட்சி உருவாகும் விதம்

1916-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் செயலாளராக இருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன், படங்களோடு ஒரு கட்டுரை வெளியிட்டார். படங்களில் ஒரு மனிதர் கண்ணாடிப் பேழைகளின் முன்னால் குனிகிறார், குந்துகிறார், கழுத்தை வளைக்கிறார். காட்சிப்பொருட்களைப் பற்றிச் சில எளிய கேள்விகளைக் கொடுத்து, பொருளைப் பார்த்தே பதில் கண்டுபிடிக்கச் சொல்லி, அவர் படும் பாட்டைப் படமெடுத்திருந்தார்கள். கட்டுரைக்கு வைத்த பெயர் 'அருங்காட்சியகக் களைப்பு'. சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது காலும் முதுகும் வலிக்கிறதே, அதேதான். ஆனால் கில்மன் பழியைப் பார்ப்பவரின் முதுகின்மேல் போடவில்லை. பொருட்களை அங்கே அப்படி வைத்தவர்கள்மேல் போட்டார்.

கண்காட்சியைத் திட்டமிடுவது என்றால் என்ன என்று புதிதாகக் கேட்பவருக்கு, இங்கிருந்து தொடங்குவது வசதி. ஒரு கூடத்துக்குள் இரண்டு விருந்தாளிகள் வருகிறார்கள். ஒருவர் பார்வையாளர். அவருக்கு வெளிச்சம் வேண்டும், கிட்டே போய்ப் பார்க்க வேண்டும், கொஞ்சம் உட்கார வேண்டும், பார்ப்பது என்னவென்று யாராவது சொல்ல வேண்டும். இன்னொரு விருந்தாளி பொருள்: ஓவியம், பழைய துணி, கையெழுத்துப் பிரதி, சிலை. அதற்கு இருட்டு பிடிக்கும், மாறாத காற்று பிடிக்கும், யாரும் கிட்டே வராமல் இருந்தால் இன்னும் நல்லது. இந்த இருவரின் தேவைகளும் ஏறக்குறைய எல்லா இடத்திலும் முட்டிக்கொள்ளும். நடுவில் நின்று பஞ்சாயத்து பேசுவதுதான் கண்காட்சி நடத்துபவரின் வேலை. சுவரில் ஆணி அடிப்பதெல்லாம் கடைசிச் சில நாட்களில் நடப்பது.

முதலில் ஒரு வாக்கியம்

"நம்மிடம் 300 பானைகள் இருக்கின்றன, எடுத்து வைப்போம்" என்றால் அது கண்காட்சி ஆகாது. கிடங்கின் கதவைத் திறந்து விட்டது போலத்தான். 'பானைகள்' என்பது தலைப்பு மட்டுமே. "அடுப்பு மாறியபோதெல்லாம் பானையின் அடிப்பாகமும் மாறியது" என்று எழுவாய், பயனிலையோடு சொல்ல முடிந்தால், அங்கே ஒரு கண்காட்சி தொடங்குகிறது. இந்த வாக்கியம் சுவரில் எழுதுவதற்காக அல்ல, சல்லடையாகப் பயன்படுத்துவதற்கு. அடிப்பாகம் உடைந்துபோன அழகான பானை ஒன்று இருக்கும், எல்லோருக்கும் அது பிடிக்கும். வாக்கியத்துக்கு அது உதவவில்லை என்றால் வெளியே எடுத்துவிட வேண்டியதுதான். புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்தக் கழிக்கும் வேலையில்தான். சேர்ப்பது யாருக்கும் கஷ்டமாக இருப்பதில்லை.

பொருட்களைத் தேர்ந்தெடுத்த பிறகு அடுக்குவது வெறும் அலங்கார வேலை என்று நினைத்துவிடக் கூடாது. பக்கத்தில் எதை வைக்கிறோம், எவ்வளவு இடம் விடுகிறோம், என்ன எழுதுகிறோம் என்பதெல்லாம் சேர்ந்துதான் பொருளுக்குப் பேச்சு வருகிறது. இதற்கு வரலாற்றில் மிகக் கொடிய பாடம் ஒன்று உண்டு. 1937 ஜூலையில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் நாஜி அரசு அடுத்தடுத்த நாட்களில் இரண்டு கண்காட்சிகளைத் திறந்தது. முதலாவது, அரசுக்குப் பிடித்த கலை. புதிதாகக் கட்டிய பெரிய மாளிகையில், தாராளமான இடத்தில் வைக்கப்பட்டது. இரண்டாவதற்குச் 'சீரழிந்த கலை' என்று பெயர். அருங்காட்சியகங்களிலிருந்து பறித்துவந்த 600-க்கும் மேற்பட்ட நவீனப் படைப்புகளைக் குறுகலான அறைகளில் நெருக்கியடித்து மாட்டி, சுற்றிலும் கிண்டல் வாசகங்களை எழுதியிருந்தார்கள். பால் கிளே, காண்டின்ஸ்கி, கிர்ஷ்னர் போன்றவர்களின் படைப்புகள் அவை. கொஞ்ச காலம் முன்புவரை வேறு சுவர்களில் மரியாதையோடு தொங்கியவைதான். ஓவியத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. மாட்டிய விதமே வசையாகிவிட்டது.

அதே கருவியை நேர் எதிர்த் திசையில் பயன்படுத்தியவர் அமெரிக்கக் கலைஞர் ஃபிரெட் வில்சன். 1992-ல் பால்டிமோரில் உள்ள மேரிலாண்ட் வரலாற்றுச் சங்கத்தின் சேமிப்பிலிருந்த பொருட்களை அவர் கலைத்து அடுக்கினார். ஒரு பேழையில் நுணுக்கமான வேலைப்பாடு கொண்ட வெள்ளிப் பாத்திரங்கள். அவற்றின் நடுவே, அடிமைகளைப் பூட்டிய இரும்பு விலங்கு. விளக்க அட்டையில் இருந்தது இவ்வளவுதான்: 'உலோக வேலைப்பாடு 1793–1880'. நீளமான விளக்கம் எதுவும் இல்லை. இரண்டு பொருட்களைப் பக்கத்தில் வைத்ததே போதுமானதாக இருந்தது. என்னைக் கேட்டால், கண்காட்சி வேலை கற்க வருபவர் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டிய பேழை இது.

இரவல் வாங்குவது

நம்மிடம் இருக்கும் பொருட்களை மட்டும் வைத்து வாக்கியத்தை முடிக்க முடியாமல் போகலாம். அப்போது இரவல் கேட்க வேண்டும். 2023-ல் ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் அருங்காட்சியகம் டச்சு ஓவியர் வெர்மீரின் 28 ஓவியங்களை ஒரே இடத்தில் காட்டியது. அவர் வரைந்தவை என்று இன்று ஏற்கப்படுபவையே சுமார் 37-தான். எப்படி இது சாத்தியமாயிற்று? பாதி உழைப்பு, பாதி நேரம் கூடிவந்தது. நியூயார்க்கின் ஃபிரிக் சேகரிப்பகம் அப்போது புதுப்பிப்பு வேலைக்காகப் பழைய மாளிகையை மூடியிருந்தது. அதனால் அங்கிருந்த மூன்று வெர்மீர்களும் சேர்ந்தே வந்தன. ஹேக் நகரின் மாரிட்ஸ்ஹூயிஸ் 'முத்துத்தோடு அணிந்த பெண்' ஓவியத்தைக் கண்காட்சியின் முதல் பகுதிக்கு மட்டும் கொடுத்து, பாதியில் திரும்ப வாங்கிக்கொண்டது. பாஸ்டனின் கார்ட்னர் அருங்காட்சியகத்தில் இருந்த 'இசைக் கச்சேரி' 1990-ல் திருடுபோனது, இன்றுவரை கிடைக்கவில்லை. ஆக, எதைக் காட்டுகிறோம் என்பதைத் திட்டம் மட்டும் தீர்மானிப்பதில்லை. கண்காட்சி சுமார் ஆறரை லட்சம் பேரை ஈர்த்தது. கண்காட்சி திறந்த சில நாட்களிலேயே டிக்கெட் தீர்ந்தது.

இரவல் தருபவர் முதலில் நம் கட்டடத்தைப் பற்றி ஒரு நீண்ட அறிக்கை கேட்பார். காற்றின் ஈரப்பதம் கடந்த ஓராண்டில் எப்படி இருந்தது, தீயணைப்பு ஏற்பாடு என்ன, சாவி யாரிடம் இருக்கும், இரவில் காவல் உண்டா. பெண் கொடுப்பவர்கள் மாப்பிள்ளை வீட்டை விசாரிப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் காப்பீடு. இதை 'ஆணியிலிருந்து ஆணி வரை' என்பார்கள்: உரியவரின் சுவரிலிருந்து இறக்கும் நொடியிலிருந்து மறுபடி அதே சுவரில் மாட்டும் நொடி வரை எது நடந்தாலும் பொறுப்பு நமது. பெரிய கண்காட்சிகளுக்கு இந்தத் தொகை கட்டி மாளாது என்பதால், சில நாடுகளில் அரசே பொறுப்பேற்கும் திட்டங்கள் உண்டு. அமெரிக்காவில் இதற்கான சட்டம் 1975-ல் வந்தது.

இந்தக் காகிதங்களில் மிக முக்கியமானது என்று நான் நினைப்பது நிலை அறிக்கை. பொருள் எந்த நிலையில் கைமாறியது என்பதற்கான சாட்சி அது. "இடது மேல் மூலையில் 2 செ.மீ. விரிசல், பழையது" என்கிற அளவுக்கு ஒவ்வொரு கீறலையும் படத்தோடு குறித்து, இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். புறப்படும் முன், வந்து சேர்ந்ததும், திரும்பிப் போகும்போது என ஒவ்வொரு முறையும் ஒப்பிட வேண்டும். நண்பர் ஒருவரின் ஓவியத்தை ஒரு வாரத்துக்கு வாங்கினாலும் இதைச் செய்துவிடுங்கள். நட்பு கெடாமல் இருக்க இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

பெட்டி வந்து சேர்ந்ததும் எல்லோருக்கும் உடனே திறக்க ஆசையாக இருக்கும். பெரும்பாலும் 24 மணி நேரம் காத்திருக்கச் சொல்வார்கள். வண்டியின் குளிரிலிருந்தோ வெப்பத்திலிருந்தோ வந்த பொருள், அறையின் காற்றுக்கு மெல்லப் பழக வேண்டும் என்பதால்தான் இந்த விதி.

வெளிச்சம், காற்று, மரப்பெட்டி

இப்போது இரண்டாவது விருந்தாளியின் பக்கம் வருவோம். வெளிச்சம் நிறத்தை வெளுக்கச் செய்யும், அது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, அந்தச் சேதம் கூடிக்கொண்டே போகும் கணக்கு என்பது. ஓய்வு கொடுத்தால் வெளுத்த நிறம் திரும்பி வராது. அதனால் வெளிச்சத்தின் அளவையும் (அதன் அலகு லக்ஸ்) நேரத்தையும் பெருக்கி 'லக்ஸ் மணி' என்று கணக்கு வைக்கிறார்கள். காகிதம், துணி, நீர்வண்ணம், பழைய புகைப்படம் போன்றவற்றுக்கு 50 லக்ஸ், எண்ணெய் ஓவியங்களுக்கு 200 லக்ஸ் என்பது பல காலமாகப் புழங்கும் வரம்பு. நேரடி வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். அதாவது, ஜன்னல் திரையை ஒரு மணி நேரம் மூட மறந்தால், 50 லக்ஸ் விளக்கின் கீழ் நாளுக்கு எட்டு மணி நேரம் வீதம் 250 நாட்கள் வைத்ததற்குச் சமம். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களின் பங்கு இந்தக் கணக்கில் வரவில்லை.

ஆனால் முதல் விருந்தாளிக்கு 50 லக்ஸில் கண் தெரியாதே? வயதானவர்களுக்கு இன்னும் கடினம். பஞ்சாயத்து இங்கேதான் சூடு பிடிக்கும். பழகிய தந்திரம் ஒன்று உண்டு. வாசலிலிருந்து மங்கலான அறைவரை வெளிச்சத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வருவார்கள். கண் இருட்டுக்குப் பழகியபின் 50 லக்ஸ் போதுமானதாகத் தெரியும். வெயிலிலிருந்து நேரே அந்த அறைக்குள் நுழைந்தால்தான் குருடாகிவிட்டது போல இருக்கும். சுவடியோ புத்தகமோ என்றால் சில வாரங்களுக்கு ஒருமுறை பக்கத்தைத் திருப்பி வைப்பார்கள். ஆள் கிட்டே வந்தால் மட்டும் எரியும் விளக்கும் உண்டு.

காற்றின் கதை இரண்டாம் உலகப்போரில் தெரிய வந்தது. லண்டன் தேசிய ஓவியக்கூடம் குண்டுவீச்சுக்குப் பயந்து தன் ஓவியங்களை வேல்ஸில் மானோட் என்ற கற்சுரங்கத்துக்கு 1941-ல் கொண்டுபோனது. சுரங்கத்துக்குள் கட்டிய அறைகளில் வெப்பமும் ஈரப்பதமும் நாள் முழுக்க, ஆண்டு முழுக்க ஒரே சீராக இருந்தன. ஓவியங்களைப் பேணியவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள்: லண்டனில் அடிக்கடி உதிர்ந்துகொண்டிருந்த வண்ணம், இங்கே ஏறக்குறைய உதிரவே இல்லை. போர் முடிந்து லண்டனுக்குத் திரும்பியதும் தொல்லையும் திரும்பியது. மரமும் துணியும் ஈரத்தை உறிஞ்சி விரியும், உலர்ந்தால் சுருங்கும். மேலே காய்ந்து இறுகிய வண்ணம் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் வெடிக்கும். அருங்காட்சியகங்களில் குளிர்சாதனம் பார்வையாளர் வசதிக்காக மட்டும் வந்தது என்று நினைப்பவர்களுக்கு இந்தச் சுரங்கத்தைச் சொல்லலாம். ஒப்பு ஈரப்பதம், அதாவது காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் எவ்வளவு இருக்கிறது என்பது, 50 சதவீதம், ஐந்து கூடலாம் குறையலாம் என்பதைப் பல ஆண்டுகள் வேதவாக்காக வைத்திருந்தார்கள். மின்செலவை எண்ணி, இப்போது பல பெரிய அருங்காட்சியகங்கள் 40 முதல் 60 சதவீதம், 16 முதல் 25 டிகிரி செல்சியஸ் என்று தளர்த்திக்கொண்டுள்ளன. எந்த எண் என்பதைவிட, அது ஒரே நாளில் மேலும் கீழும் குதிக்காமல் இருப்பது முக்கியம். குதிக்க வைப்பது பெரும்பாலும் கூட்டம்தான். சும்மா நிற்கும் ஒரு மனிதர் பழைய 100 வாட் குண்டு பல்பு அளவுக்கு வெப்பம் வெளியிடுகிறார், மூச்சில் ஈரத்தையும் விடுகிறார். 1972-ல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பண்டைய எகிப்து மன்னர் துட்டன்காமூனின் கல்லறைப் பொருட்களைப் பார்க்க 16 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். வைத்திருந்த பொருட்கள் 50. அந்த அறைகளின் காற்றை நினைத்துப் பாருங்கள்.

பேழையே பொருளுக்கு எதிரியாவதும் உண்டு. புது மரம், பசை, பெயின்ட் எல்லாம் மெல்ல அமில ஆவி விடும். மூடிய பேழைக்குள் அது வெளியே போக வழியில்லாமல் ஈயத்தை வெள்ளைப் பொடியாக்கும். சில துணிகளும் பசைகளும் விடும் கந்தக ஆவி வெள்ளியைக் கறுக்கச் செய்யும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 1970-களில் ஆண்ட்ரூ ஆடி இதற்கு ஒரு சோதனை வகுத்தார்: பயன்படுத்தப் போகும் மரத்தையோ துணியையோ வெள்ளி, செம்பு, ஈயத் துண்டுகளோடு ஈரக் காற்றுள்ள கண்ணாடிக் குழாயில் அடைத்து, 60 டிகிரியில் 28 நாட்கள் வைப்பது. உலோகம் கறுத்தாலோ வெளுத்துப் பொடிந்தாலோ அந்த மரமோ துணியோ வேண்டாம். சிறிய கண்காட்சி நடத்துபவருக்கு இவ்வளவு தேவைப்படாது. ஆனால் திறப்பு விழாவுக்கு முந்தின இரவு பெயின்ட் அடிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். சில வாரங்களாவது காற்றாட விடுங்கள்.

நடப்பவரின் உடல்

ஓவியத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பரவலான வழக்கம். ஓவியத்தின் மேல்விளிம்பையோ கீழ்விளிம்பையோ ஒரே வரிசையில் வைத்தால் கண் ஏறி இறங்க வேண்டியிருக்கும். நடுப்புள்ளிகள் ஒரே கோட்டில் இருந்தால் பார்வை தடங்கலின்றிப் போகும். கணக்கு சுலபம்: 150-உடன் சட்டகத்தின் பாதி உயரத்தைக் கூட்டி, சட்டகத்தின் பின்னால் உள்ள தொங்கவிடும் கம்பியை மேலே இழுத்துப் பிடித்தால் மேல்விளிம்புக்கும் அதற்கும் உள்ள தூரத்தைக் கழியுங்கள். 80 செ.மீ. உயரச் சட்டகம், கம்பி 6 செ.மீ. கீழே என்றால், 150, கூட்டல் 40, கழித்தல் 6. ஆணி 184 செ.மீ. உயரத்தில். பார்வையாளர்களில் குழந்தைகளும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் நிறைய என்றால் 150 என்ற எண்ணைக் குறைத்துக்கொள்ளலாம். தட்டையான பேழைகள் என்றால் உட்கார்ந்தபடி உள்ளே பார்க்க முடிகிறதா என்று, நாற்காலி போட்டு நீங்களே உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். கில்மனின் ஆள் பட்ட பாடு இன்னும் பல இடங்களில் தொடர்கிறது.

ஆணி அடிக்கும் முன் எல்லாவற்றையும் சுவரோரம் தரையில், மெத்தைத் துண்டுகளின் மேல் சாய்த்து வைத்து, ஒரு நாள் அப்படியே விடுவது நல்லது. மறுநாள் காலையில் எது எதோடு சண்டை போடுகிறது என்று தெரிந்துவிடும். அதற்கும் முன்னால், அட்டையில் கூடத்தின் சிறிய மாதிரி செய்து, அதே விகிதத்தில் அச்சிட்ட படங்களை ஒட்டிப் பார்ப்பார்கள். கணினியில் செய்யலாம்தான். ஆனால் அட்டை மாதிரியைச் சுற்றி நாலு பேர் நின்றுகொண்டு வாக்குவாதம் செய்ய முடியும்.

ஆட்கள் தேங்கும் இடம் எது என்பது அந்த மாதிரியிலேயே தெரியும். எல்லோரும் தேடி வரும் பொருளை வாசலுக்குப் பக்கத்தில் வைத்தால் வரிசை தெருவுக்கு நீளும். கொஞ்சம் உள்ளே, சுற்றி வர இடம்விட்டு வைப்பது மேல். கூட்டம் அதிகம் என்றால் நேரம் குறித்த டிக்கெட் தவிர வேறு வழியில்லை. இருக்கைகளை வடிவமைப்பாளர்கள் அழகு கெடும் என்று ஒளித்து வைப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. கழிப்பறையும் அப்படித்தான். 1851-ல் லண்டன் பளிங்கு மாளிகையில் நடந்த மாபெரும் கண்காட்சியைப் பார்த்தவர்கள் 60 லட்சம் பேர். அங்கே ஒரு பென்னி கொடுத்துக் கழிப்பறைக்குப் போனவர்கள் 8 லட்சத்துக்கும் மேல் என்று பதிவாகியிருக்கிறது.

விளக்க அட்டை எழுதுவது தனிக் கலை. நின்றுகொண்டு, பின்னால் இன்னொருவர் காத்திருக்க, ஒரு கண்ணால் குழந்தையைப் பார்த்தபடி படிப்பவருக்காக எழுதுகிறோம். ஒரு பொருளுக்கு 50 முதல் 75 சொற்கள் போதும். முதல் வாக்கியம், எதிரே இருக்கும் பொருளில் கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றைச் சொல்ல வேண்டும்: "கைப்பிடி தேய்ந்திருப்பதைப் பாருங்கள்." படித்தவர் உடனே நிமிர்ந்து பொருளைப் பார்த்தால் அட்டை வேலை செய்கிறது. அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தால், அந்த நேரம் பொருளிடமிருந்து நாம் திருடியது.

அப்புறம், சரிபார்ப்பு. 1961-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸின் 'படகு' என்ற காகித வெட்டோவியம் தலைகீழாகத் தொங்கியது, 47 நாட்கள். படகையும் நீரில் அதன் நிழலையும் காட்டும் படைப்பு. லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடந்து போயிருந்தார்கள். கடைசியில் கண்டுபிடித்துச் சொன்னது ஒரு பார்வையாளர், ஊழியர் அல்ல.

பணம் பற்றிச் சுருக்கமாக. புதியவர்களின் வரவுசெலவுத் திட்டத்தில் எப்போதும் விடுபடுவது திரும்பிப் போகும் செலவு: பொதி கட்டுவது, வண்டி, சுவரைப் பழையபடி ஆக்குவது. பத்தில் ஒரு பங்கையாவது எதிர்பாராததற்கு ஒதுக்கி வையுங்கள். காலத்தைப் பொறுத்தவரை, உள்ளூர்ப் படைப்புகளோடு ஓர் அறைக் கண்காட்சிக்கு ஆறு மாதம் வேண்டும். பல நாடுகளிலிருந்து இரவல் வாங்கினால் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள்கூட ஆகும்.

திறந்த பிறகு

திறப்பு விழா முடிந்ததும் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். தினமும் காலையில் கதவு திறக்கும் முன் ஒருவர் கைவிளக்கோடு சுற்றி வர வேண்டும்: எரியாத விளக்கு, கண்ணாடியில் விரல் ரேகை, நகர்ந்த அட்டை, பேழையின் மூலையில் பூச்சி எச்சம். ஈரப்பதக் கருவி இரவில் என்ன பதிவு செய்தது என்று பார்க்க வேண்டும். கூடத்தில் நாள் முழுக்க நிற்கும் காவலர்களிடம் பேசுங்கள். மக்கள் எங்கே வழி தெரியாமல் திரும்புகிறார்கள், எந்த அட்டையைப் படிக்காமல் போகிறார்கள், எதைத் தொட நினைக்கிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். கருத்துப் பதிவேட்டில் "அருமை" என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

கடைசி நாள் மாலை கதவை மூடியதும் வந்த வழியே எல்லாம் திரும்புகிறது. பேழை திறக்கிறது, நிலை அறிக்கையோடு ஒப்பிடுகிறார்கள், பொருள் அதே பெட்டியில் அதே திசையில் படுக்கிறது. சுவர்த் துளைகளை அடைக்கிறார்கள். துணியோ காகிதமோ என்றால் இன்னும் ஒரு வேலை பாக்கி: அது பார்த்த வெளிச்சத்தை அதன் கோப்பில் எழுதுவது. மூன்று மாதம், 90 நாட்கள், நாளுக்கு எட்டு மணி நேரம், 50 லக்ஸ் என்றால் 36,000 லக்ஸ் மணி. அடுத்து யாராவது அதை இரவல் கேட்டு எழுதும்போது, முதலில் எடுத்துப் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.